லிப்ரேஆஃபீசுக்குத் தன்னார்வலராகப் பங்களிப்பது: எங்கே தொடங்கலாம், எங்கே சறுக்கும்?

கேள்வி இதுதான்: "முழுநேர வேலையில் இருக்கிறேன். வாரத்துக்கு நாலைந்து மணி நேரம் ஒதுக்க முடியும். சி++ கல்லூரியில் படித்த அளவுக்குத் தெரியும். லிப்ரேஆஃபீஸ் மாதிரி ஒரு பெரிய கட்டற்ற அலுவலக மென்பொருளுக்கு என்னால் உருப்படியாக ஏதாவது செய்ய முடியுமா? நடைமுறையில் அந்த வேலை எப்படி இருக்கும்?"

முடியும். ஆனால் நிரலில் கை வைப்பதை ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள். முதல் மாதம் முழுக்க, மற்றவர்கள் பதிந்திருக்கும் பிழை அறிக்கைகளைச் சோதித்துப் பாருங்கள்.

காரணம் எளிது. பேட்ச் (நிரலில் செய்த மாற்றம்) அனுப்ப ஆர்வமாக வருகிறவர்கள் எப்போதும் இருக்கிறார்கள். அதைப் படித்துப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளத் தெரிந்தவர்கள்தான் குறைவு. அவர்களில் பெரும்பாலோர் லிப்ரேஆஃபீசைச் சார்ந்து தொழில் செய்யும் நிறுவனங்களில் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்கள், இல்லையென்றால் லிப்ரேஆஃபீசை நடத்தும் அறக்கட்டளையான டாக்குமென்ட் ஃபவுண்டேஷனின் சிறிய ஊழியர் குழுவில் இருப்பவர்கள். வாடிக்கையாளர் வேலைக்கு நடுவே கிடைக்கும் இடைவெளியில்தான் உங்கள் பேட்ச்சைப் பார்ப்பார்கள். அந்த நேரத்தை மிச்சப்படுத்திக் கொடுக்கிறவர் பெயர் சீக்கிரம் மனதில் நிற்கும். நன்றாகச் சோதித்த ஒரு பிழை அறிக்கை ஒரு நிரலாளரின் அரை நாளை மிச்சப்படுத்தும். அவசரமாக எழுதிய ஒரு பேட்ச் அதே அரை நாளைத் தின்றுவிடும்.

கொஞ்சம் பின்னணி. இந்த நிரலின் வேர் 1985இல் ஜெர்மனியில் தொடங்கிய ஸ்டார்ரைட்டர். 1999இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அதை வாங்கியது, 2000இல் ஓப்பன்ஆஃபீஸ் என்ற பெயரில் மூலநிரலைத் திறந்துவிட்டது. 2010இல் சன் நிறுவனம் ஆரக்கிளின் கைக்குப் போனது. அந்த ஆண்டு செப்டம்பர் 28 அன்று சமூகத்தினர் பிரிந்து வந்து லிப்ரேஆஃபீசைத் தொடங்கினார்கள். இந்தப் பழைய கதைக்கும் உங்களுக்கும் சம்பந்தம் உண்டு. மூலநிரலைத் திறந்தால் ரைட்டர் (ஆவணம் எழுதும் செயலி) இருக்கும் அடைவின் பெயர் 'எஸ்டபிள்யூ', கால்க் (விரிதாள்) இருப்பது 'எஸ்சி', இம்ப்ரெஸ் (திரைக்காட்சி) இருப்பது 'எஸ்டி'. ஸ்டார்ரைட்டர், ஸ்டார்கால்க், ஸ்டார்டிரா என்று விரித்தால்தான் புரியும். நிரலுக்குள் இருந்த விளக்கக் குறிப்புகள்கூட வெகுகாலம் ஜெர்மன் மொழியில்தான் இருந்தன. அவற்றை ஆங்கிலமாக்கியதே தன்னார்வலர்கள் பல ஆண்டு எடுத்துச் செய்த வேலை. முப்பது வருடத்துக்கு முன்னால் ஒருவர் ஏன் இப்படி எழுதினார் என்பதற்கு விடை சொல்ல இப்போது யாரும் இருக்க மாட்டார்கள். புதிதாக வருகிறவர் நேராக நிரலுக்குள் குதித்தால் மூச்சு முட்டுவது இதனால்தான்.

இனி பிழை சோதிப்பு. பிழைகளைப் பதியும் தளமான பக்சில்லாவில் புதிதாக வரும் அறிக்கை 'அன்கன்ஃபர்ம்டு' நிலையில் நிற்கும். இன்னொருவர் தன் கணினியில் அதே பிழையை வரவழைத்துக் காட்டினால்தான் அது 'நியூ' ஆகும். தானே பதிந்த பிழையைத் தானே உறுதிப்படுத்தக் கூடாது. அந்த இன்னொருவராக இருப்பதுதான் உங்கள் முதல் வேலை.

ஒரு மாதிரி எடுத்துக்கொள்வோம். ஒருவர் எழுதியிருக்கிறார்: "டாக்ஸ் (வேர்ட்) கோப்பைத் திறந்தால் அட்டவணை அடுத்த பக்கத்துக்குத் தாவிவிடுகிறது." முதலில் கோப்பு இணைத்திருக்கிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால் கேட்டுவிட்டு நிலையை 'நீட்இன்ஃபோ' என்று மாற்றுங்கள். ஆறு மாதம் பதிலே வராவிட்டால் தானியங்கியே நினைவூட்டும், அதற்கும் பதில் இல்லையென்றால் தகவல் போதாது என்று மூடிவிடும். நீங்கள் துரத்திக்கொண்டு இருக்க வேண்டாம்.

கோப்பு இருந்தால், அன்றைய மாஸ்டர் பில்ட்டில், அதாவது வளர்ச்சியில் இருக்கும் நிரலிலிருந்து அன்று கட்டிய பதிப்பில், திறந்து பாருங்கள். தினமும் தயாராகும் இந்தப் பில்ட் 'லிப்ரேஆஃபீஸ்டெவ்' என்று தனிப் பெயரில், தனிப் புரொஃபைலோடு (பயனர் அமைப்புகளின் தொகுப்பு) நிறுவப்படும். நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் பதிப்பைத் தொடாது. பழைய பதிப்பில் மட்டும் சோதித்துவிட்டு உறுதி என்று எழுதாதீர்கள். ஏற்கெனவே சரிசெய்த பிழையை மறுபடி தூசி தட்டியதாகிவிடும்.

பிழை வந்தால் அடுத்து 'சேஃப் மோட்'. ஹெல்ப் மெனுவில் இருந்தே அந்த முறையில் மறுபடி தொடங்கலாம். அங்கே பிழை மறைந்துவிட்டால் குற்றம் பயனரின் புரொஃபைலிலோ ஏதாவது நீட்சியிலோ இருக்கிறது. விண்டோசில் எழுத்து கலங்குவது, திரை கறுப்பாவது போன்ற புகார் என்றால் விருப்பங்களில் வியூ பகுதிக்குப் போய் ஸ்கியாவை (திரையை வரையும் நூலகம்) அணைத்துப் பாருங்கள். அணைத்ததும் சரியானால் அந்த ஒரு வரியை எழுதினாலே பிழை சரியான ஆளிடம் போய்ச் சேரும்.

பிறகு பழைய பதிப்புகள். 2011 ஜனவரியில் வந்த 3.3 முதல் எல்லாமே ஆவணக் காப்பகத்தில் இறக்கக் கிடைக்கும். 3.3இலேயே பிழை இருந்தால் பதிப்புப் புலத்தில் 'இன்ஹெரிட்டட் ஃப்ரம் ஓஓஓ' (ஓப்பன்ஆஃபீசிலிருந்தே வந்தது) என்று குறிப்பார்கள். பழையதில் சரியாக இருந்து புதியதில் கெட்டிருந்தால் 'ரெக்ரெஷன்' என்ற குறிச்சொல். இங்கேதான் புதியவர்கள் பலர் சறுக்குகிறார்கள். பதிப்புப் புலம் காட்ட வேண்டியது, பிழை முதன்முதலில் தென்பட்ட பதிப்பை. "நான் இன்று புதிய பதிப்பில் சோதித்தேன்" என்று அதைப் புதிய எண்ணுக்கு மாற்றிவிட்டால், முன்பு ஒருவர் உட்கார்ந்து தேடிக் கண்டுபிடித்த தகவல் மேலோட்டமாகப் பார்ப்பவருக்குத் தெரியாமல் போய்விடும். இன்று சோதித்த விவரத்தைக் கருத்தில் எழுதினால் போதும்.

அந்தக் கருத்தில் என்ன எழுதுவது? 'அபவுட்' பெட்டியில் பதிப்பு விவரத்துக்குப் பக்கத்தில் நகலெடுக்கும் பொத்தான் இருக்கிறது. அழுத்தி அப்படியே ஒட்டுங்கள். பதிப்பு எண், பில்ட் அடையாளம், இயங்குதளம், திரையை எது வரைகிறது, விசிஎல் (சாளரங்களைக் காட்டும் பகுதி) வரியில் விண்டோசா, ஜிடிகே3யா, கேடிஇயா, மொழி அமைப்பு எது, எல்லாம் அதில் வந்துவிடும். வெறுமனே "எனக்கும் வருகிறது" என்று எழுதும் கருத்து யாருக்கும் உதவாது. லினக்சில் ஜிடிகே3இல் மட்டும் வரும் பிழையை விண்டோசில் உட்கார்ந்து தேடிக்கொண்டிருக்கும் நிலை இப்படித்தான் வருகிறது.

பிழை இப்போது வரவில்லை என்றால் 'ஃபிக்ஸ்டு' என்று மூடாதீர்கள். எந்த கமிட் (நிரலில் பதிந்த ஒரு மாற்றம்) சரிசெய்தது என்று காட்ட முடிந்தால்தான் 'ஃபிக்ஸ்டு'. தெரியாவிட்டால் 'வொர்க்ஸ்ஃபார்மீ'. முக்கியத்துவப் புலத்தையும் உங்கள் கோபத்துக்கு ஏற்ப ஏற்றிவிடாதீர்கள். ஒருவர் ஏற்றுவதும் இன்னொருவர் இறக்குவதுமாகப் போய், பிழையைப் பற்றிய பேச்சே நின்றுவிடும்.

கோப்பைச் சுருக்கிக் கொடுப்பது தனிக் கலை. 80 பக்க ஆவணத்தில் வரும் பிழையை நிரலாளர் தொட மாட்டார். பாதியை அழித்துச் சேமித்துத் திறந்து பாருங்கள், பிழை இருந்தால் மறுபடி பாதி. ஏழெட்டு முறையில் அது ஓரிரு பத்திக்கு வந்துவிடும். ஒரு எச்சரிக்கை: லிப்ரேஆஃபீசில் திறந்து டாக்சாகவே சேமித்தால் உள்ளமைப்பு மாறி, பிழையைத் தூண்டிய வரியே காணாமல் போகலாம். வேர்ட் இருந்தால் அதில் சுருக்குவது நல்லது. இல்லையென்றால் டாக்ஸ் என்பது ஒரு ஜிப் கோப்புதான், பிரித்து உள்ளே இருக்கும் டாக்குமென்ட் எக்ஸ்எம்எல்லைக் கையால் வெட்டலாம்.

இன்னொன்று. பக்சில்லாவில் இணைத்த கோப்பை உலகமே பார்க்கும். அலுவலகக் கடிதம், சம்பளப் பட்டியல், நோயாளி விவரம் எதையும் அப்படியே ஏற்றாதீர்கள், பிறரையும் ஏற்றச் சொல்லாதீர்கள். தேடி மாற்றும் வசதியில் ரெகுலர் எக்ஸ்பிரஷன் போட்டு எல்லா எழுத்தையும் ஒரே எழுத்தாக மாற்றலாம். மாற்றிய பிறகு எழுத்தின் அகலம் மாறுவதால் பக்க அமைப்புப் பிழைகள் சில சமயம் மறைந்துவிடும், ஆகவே ஏற்றுவதற்கு முன் மறுபடி திறந்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஒரு மாதம் இப்படிப் போனால் பைபிசெக்ட் (பிழையைக் கொண்டுவந்த மாற்றத்தைப் பாதி பாதியாகத் தேடுவது) செய்யத் தயாராகிவிடுவீர்கள். நிரல் எழுதத் தெரியாதவரும் நிரலாளருக்குப் பெரிய உதவி செய்யக்கூடிய இடம் இது. ஒவ்வொரு பதிப்புக் காலத்துக்கும் ஏற்கெனவே கட்டப்பட்ட ஆயிரக்கணக்கான பில்ட்களை ஒரே கிட் ரெப்போவில் (மாற்றங்களின் வரலாற்றோடு கோப்புகளை வைக்கும் களஞ்சியம்) போட்டு வைத்திருக்கிறார்கள். நடுவில் இருக்கும் ஒன்றை ஓட்டி நல்லதா கெட்டதா என்று சொன்னால், மீதிப் பாதியின் நடுவுக்குப் போகும். 8,192 பில்ட் இருந்தாலும் 13 அடியில் ஒரே ஒரு கமிட்டுக்கு வந்து நிற்கும். அந்தக் கமிட்டை எழுதியவரை அறிக்கையில் சேர்த்துவிட்டால், பிழை யாரோ என்றோ பார்க்க வேண்டியது என்ற நிலையில் இருந்து குறிப்பிட்ட ஒருவரின் மேசைக்கு வந்துவிடுகிறது. பல வருடம் தூங்கிய பிழைகள் இதனால் எழுந்து நகர்வது வழக்கமாக நடப்பதுதான்.

பைபிசெக்டில் கெடுவது பெரும்பாலும் ஒரே விதத்தில்: ஒரு அடியில் தவறாக 'நல்லது' என்று சொல்லிவிடுவது. அதன் பிறகு எல்லா அடியும் தவறான பாதியில்தான் போகும், கடைசியில் சம்பந்தமே இல்லாத கமிட்டில் நிற்கும். எனவே தொடங்குமுன் ரெப்போவின் முதல் பில்ட்டிலும் கடைசி பில்ட்டிலும் ஓட்டி, ஒன்று உறுதியாக நல்லது, மற்றது உறுதியாகக் கெட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பில்ட் திறக்கவே இல்லையென்றால் ஊகிக்காமல் 'ஸ்கிப்' சொல்லுங்கள். சந்தேகம் வந்தால் புரொஃபைல் கோப்புறையை அழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். முடிவில் கிடைத்த கமிட் மொழிபெயர்ப்பு புதுப்பிப்பாகவோ உதவிப் பக்கத் திருத்தமாகவோ இருந்தால், ஏதோ ஒரு அடியில் தவறிவிட்டது என்று அர்த்தம். ஒவ்வொரு ரெப்போவும் பல ஜிபி இருக்கும். மொபைல் டேட்டாவில் இறக்கத் தொடங்காதீர்கள்.

தமிழ் தெரிந்தவர்களால் மட்டும் செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. லிப்ரேஆஃபீஸ் தமிழை 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' வகையில் வைக்கிறது. ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்துரு, அளவு, தடிமன். தமிழுக்குத் தனியாக ஓர் எழுத்துரு, அளவு, தடிமன். இரண்டும் ஒரே பத்தியில் கலந்து வரும்போதுதான் சிக்கல் வெளியே தெரியும். ஓடிடி (ரைட்டரின் சொந்த வடிவம்) கோப்பைப் பிரித்து உள்ளே இருக்கும் எக்ஸ்எம்எல்லைப் பார்த்தால் எழுத்தளவு இரண்டு இடத்தில் எழுதப்பட்டிருக்கும். ஒன்றில் வெறும் 'ஃபாண்ட்-சைஸ்', மற்றதில் 'ஃபாண்ட்-சைஸ்-காம்ப்ளெக்ஸ்'. டாக்சிலும் இதே மாதிரி இரட்டைக் குறிச்சொற்கள். "தமிழ் எழுத்து மட்டும் சின்னதாக வருகிறது" என்ற புகார் வந்தால் முதலில் அந்த இரண்டு எண்ணையும் ஒப்பிடுங்கள். கோப்பிலேயே வேறுபட்டிருந்தால் அது பிழை ஆகாது. கோப்பில் ஒன்றாக இருந்து திரையில் வேறாக வந்தால் பிழை.

எழுத்து உடைவது, கொம்பு தனியாக நிற்பது போன்றவற்றுக்கு ஒரு குறுக்கு வழி. 2017இல் வந்த 5.3 முதல் எல்லாத் தளத்திலும் எழுத்து வடிவமைப்பைச் செய்வது ஹார்ஃப்பஸ். ஃபயர்ஃபாக்சும் அதையே பயன்படுத்துகிறது. அதே சொல்லை அதே எழுத்துருவில் ஃபயர்ஃபாக்சில் காட்டிப் பாருங்கள். அங்கேயும் உடைந்தால் குற்றம் எழுத்துருவிலோ ஹார்ஃப்பஸிலோ இருக்கிறது, லிப்ரேஆஃபீசில் பதிந்து பயனில்லை. அங்கே சரியாக இருந்தால் வலுவான அறிக்கை கிடைத்தது. எழுத்துரு பெயரைக் கட்டாயம் எழுதுங்கள். லதா, நிர்மலா போன்றவை விண்டோசில்தான் இருக்கும், லினக்சில் சோதிப்பவரிடம் இருக்காது. நோட்டோ சான்ஸ் தமிழிலும் பிழை வருகிறதா என்று பார்த்து அதில் மாதிரிக் கோப்பைச் செய்தால் யாரும் சோதிக்கலாம். பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் தட்டிய ஆவணங்களில் சேமித்திருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துகள். தேடல் வேலை செய்யவில்லை, பிழைதிருத்தி சிவப்புக் கோடு போடுகிறது என்ற புகாரெல்லாம் 'நாட்டபக்'. அதை மரியாதையாக விளக்க, தமிழ் தெரிந்த ஒருவர் அங்கே இருந்தால் நல்லது.

மொழிபெயர்ப்பு வெப்லேட் என்ற தளத்தில் நடக்கிறது, 2020 வரை பூட்டில் என்ற தளத்தில் இருந்தது. கவனிக்க வேண்டியவை குறைவுதான், ஆனால் மீறினால் பில்டே உடையலாம். சரத்துக்குள் (மொழிபெயர்க்க வேண்டிய ஒரு துண்டு வாசகம்) வரும் அலைக்குறி விசைக் குறுக்குவழிக்கானது. சதவீதக் குறியோடு வரும் 1, 2, தயாரிப்புப் பெயருக்கான குறியீடு, உதவிப் பக்கங்களில் வரும் கோண அடைப்புக்குறிகள் எதையும் மொழிபெயர்க்கவோ நீக்கவோ கூடாது. இடம் மாற்றலாம், தமிழ் வாக்கிய அமைப்புக்கு அது பெரும்பாலும் தேவைப்படும். ஒரு சரம் திரையில் எங்கே வருகிறது என்று தெரியவில்லையா? ஒவ்வொரு சரத்தோடும் ஒரு சின்ன அடையாளக் குறியீட்டை ஒட்டிக் காட்டும் போலி மொழி ஒன்று சோதனைப் பில்ட்களில் இருக்கிறது, அதை வைத்துத் தேடலாம். இயந்திர மொழிபெயர்ப்பில் இரண்டாயிரம் சரத்தை ஒரே இரவில் ஏற்றுவதுதான் மிக மோசமான பங்களிப்பு. அதை ஒவ்வொன்றாகப் படித்து நீக்குவது, புதிதாகச் செய்வதைவிடப் பெரிய வேலை. ஒரு முப்பது நாற்பது சரம் செய்துவிட்டு மொழிக்குழுவில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.

கையேடு எழுதும் குழுவும் இருக்கிறது. ஒவ்வொரு அத்தியாயமாகப் பிரித்து, எழுதுகிறவர் ஒருவர், சரிபார்ப்பவர் இன்னொருவர் என்று போகும். எழுத்தில் ஆர்வம் இருந்தால் அங்கே வேலை சீக்கிரம் கிடைக்கும்.

சரி, நிரலுக்கு வருவோம். முதலில் கணினி. 8 ஜிபி நினைவகத்தில் நிரலைக் கட்ட (கம்பைல் செய்ய) முடியும், ஆனால் பொறுமை வேண்டும். 16 ஜிபி இருந்தால் நிம்மதி. டீபக் பில்ட்டுக்கு (பிழை தேடுவதற்கான பில்ட்) குறைந்தது 50 ஜிபி காலி இடம் வைத்துக்கொள்ளுங்கள், எஸ்எஸ்டியாக இருக்கட்டும். 4 கோர் மடிக்கணினியில் முதல் பில்ட் ஓர் இரவு முழுக்க ஓடும். நல்ல மேசைக் கணினியில் ஒரு மணி நேரம் வாக்கில் முடியும். வாய்ப்பிருந்தால் லினக்சில் கட்டுங்கள். விண்டோசில் விசுவல் ஸ்டூடியோ நிறுவுவதில் தொடங்கி வைரஸ் தடுப்பான் ஒவ்வொரு கோப்பாக முகர்ந்து பார்ப்பது வரை தனித் தலைவலிகள் உண்டு. அங்கேதான் செய்ய வேண்டும் என்றால் பில்ட் அடைவை வைரஸ் தடுப்பானிலிருந்து விலக்குங்கள், அடைவின் பாதையில் இடைவெளி வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூலநிரலை கிட் குளோன் (பிரதி எடுப்பது) செய்யும்போது இணைப்பு நடுவில் அறுந்தால் விட்ட இடத்தில் தொடராது, முதலிலிருந்துதான். இணைப்பு மோசமென்றால் முதலில் ஆழம் 1 (கடைசி மாற்றம் மட்டும்) வைத்து எடுத்துவிட்டு, பிறகு வரலாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். வரலாறு இல்லாமல் விட்டுவிடாதீர்கள். ஒரு வரி எப்போது, எந்தப் பிழைக்காக வந்தது என்று பார்க்க 'பிளேம்' தேவைப்படும், இந்த நிரலில் அது தினசரித் தேவை.

உபுண்டு, டெபியனில் தேவையான நூலகங்களை ஆப்ட்டின் 'பில்ட்-டெப்' கட்டளை ஒரே அடியில் கொண்டுவரும். மூலப் பொதிகளுக்கான வரி முடக்கப்பட்டிருந்தால் அது பிழை சொல்லி நிற்கும், முதலில் அதை இயக்குங்கள். பிறகு கட்டுவதற்கான அமைப்புகளைத் தயாரிக்கும் ஆட்டோஜென், அதன் பிறகு கட்டும் வேலையைச் செய்யும் மேக். ஜாவா, உதவிக் கோப்புகள் இரண்டையும் அணைத்துவிட்டுத் தொடங்கினால் வேகமாக முடியும். சிகேஷ் (ஏற்கெனவே கம்பைல் செய்ததைச் சேமித்து வைக்கும் கருவி) கட்டாயம் நிறுவுங்கள். இரண்டாம் பில்ட்டிலிருந்து அதன் அருமை தெரியும்.

பில்ட் நடுவில் நின்றால் திரையின் கடைசி வரியைப் பார்த்துக் குழம்பாதீர்கள். இணையாகப் பல வேலை ஓடுவதால் உண்மையான பிழை நூறு வரிக்கு மேலே இருக்கும், முதல் 'எரர்' எங்கே என்று தேடுங்கள். 'சிசி1பிளஸ்' (கம்பைலர்) கொல்லப்பட்டது என்ற செய்தி வந்தால் நிரலில் குற்றமில்லை, நினைவகம் தீர்ந்திருக்கிறது. ஆட்டோஜென்னில் இணை வேலைகளின் எண்ணிக்கையை 2க்குக் குறைத்து மறுபடி மேக் கொடுங்கள், நின்ற இடத்திலிருந்து தொடரும்.

முதல் பேட்ச்சுக்கு 'ஈசிஹேக்' (புதியவர்களுக்கான எளிய வேலை) என்று குறித்த பிழைகள் இருக்கின்றன. அவற்றில் சில முடிவில்லாதவை. டிடிஎஃப் 143148 (டிடிஎஃப் என்பது பக்சில்லா பிழை எண்ணுக்கு முன்னால் வருவது), ஹெடர் கோப்புகளின் பழைய காவல் வரிகளை 'பிராக்மா ஒன்ஸ்' ஆக்குவது. டிடிஎஃப் 147021, வரிசையின் அளவைக் கணக்கிடும் பழைய மேக்ரோவுக்குப் பதில் சி++ தரநூலகத்தின் 'சைஸ்' போடுவது. இரண்டாவதைப் பாருங்கள்: மாற்றம் ஒரு சொல்தான். ஆனால் அந்த மேக்ரோவுக்காகச் சேர்த்திருந்த ஹெடர் இப்போது தேவையா என்று பார்த்து நீக்க வேண்டும், நீக்கினால் அதே ஹெடரிலிருந்து வேறெதையாவது அந்தக் கோப்பு எடுத்துக்கொண்டிருந்ததா என்று பார்க்க வேண்டும். முதலாவதில் மேலே இரண்டு வரியை நீக்கிவிட்டுக் கடைசியில் இருக்கும் 'எண்டிஃப்' வரியை மறந்துவிடுவது அடிக்கடி நடக்கும். ஒரு அடைவுக்கு ஒரு பேட்ச் என்று வையுங்கள். இருநூறு கோப்பை ஒரே பேட்ச்சில் அனுப்பினால் அதைப் படிக்க யாருக்கும் கை வராது.

இந்த வகைத் துப்புரவு வேலையில் ஒன்றிரண்டு போதும் என்பது என் கருத்து. கருவிகளைப் பழகுவதற்கு அவை நல்லவை. அதிலேயே ஐம்பது பேட்ச் போட்டால் எண்ணிக்கை ஏறும், நீங்கள் நிரலைக் கற்றிருக்க மாட்டீர்கள். அதன் பிறகு, நீங்களே பைபிசெக்ட் செய்த ஒரு சின்னப் பிழையை எடுங்கள். எங்கே கெட்டது என்று ஏற்கெனவே தெரியும், பாதி வேலை முடிந்த மாதிரி.

'எனக்கு ஒதுக்குங்கள்' என்று கேட்டுக் காத்திருக்க வேண்டாம். வேறு யாரும் எடுத்திருக்காவிட்டால் வேலையைத் தொடங்குங்கள். உங்கள் பெயரில் போட்டுவிட்டு 3 மாதம் அசைவில்லை என்றால் தானியங்கி அதை விடுவித்துவிடும். முடியாது என்று தெரிந்த அன்றே நீங்களே விடுவிப்பது நல்ல பழக்கம், அதுவரை கண்டுபிடித்ததை இரண்டு வரி எழுதிவிட்டு.

ஒரே ஒரு சட்ட வேலை இருக்கிறது. உங்கள் பங்களிப்புகள் எம்பிஎல் 2, எல்ஜிபிஎல் 3 என்ற இரட்டை உரிமத்தில் வெளியாகலாம் என்று நிரலாளர் மடலாடற்குழுவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். ஒருமுறை போதும். பதிப்புரிமையை யாருக்கும் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை, ஓப்பன்ஆஃபீஸ் காலத்தில் அந்த நிபந்தனை இருந்தது. வேலைக்குச் சேரும்போது நீங்கள் போட்ட ஒப்பந்தத்தை இந்த மின்னஞ்சலுக்கு முன் ஒருமுறை படியுங்கள். வேலை நேரத்துக்கு வெளியே எழுதுவதும் நிறுவனத்துக்கே சொந்தம் என்று அதில் இருந்தால் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

பேட்ச் போகும் இடம், பேட்ச்களைப் படித்து ஒப்புதல் தரும் தளமான கெரிட். ஒரு மாற்றத்துக்கு ஒரே கமிட். கிட்ஹப் பழகியவர்கள் இங்கே தடுமாறுவார்கள். திருத்தம் கேட்டால் புதிய கமிட் போடக் கூடாது, அதே கமிட்டை 'அமெண்ட்' செய்து மறுபடி அனுப்ப வேண்டும். செய்தியின் கடைசியில் தானாகச் சேரும் 'சேஞ்ச்-ஐடி' வரிதான் இரண்டும் ஒன்றே என்று கெரிட்டுக்குச் சொல்கிறது. அந்த வரியை அழித்துவிட்டால் புதுப் பேட்ச்சாகத் திறந்துகொள்ளும், முன்பு எழுதிய கருத்துகள் பழையதிலேயே அநாதையாக நிற்கும். முதல் வரியில் டிடிஎஃப் எண், பிறகு என்ன மாறியது என்று சுருக்கமாக. ஏன் மாற்றினீர்கள் என்பது அடுத்த பத்தியில் வரட்டும்.

அனுப்பியதும் ஜென்கின்ஸ் என்ற தானியங்கி லினக்ஸ், விண்டோஸ், மேக் எல்லாவற்றிலும் கட்டிப் பார்க்கும். கிளாங் என்ற கம்பைலரில் கட்டும் பில்ட்டில் இந்தத் திட்டத்துக்கென்றே எழுதிய சோதனை நீட்சிகள் உண்டு. உங்கள் கணினியில் சரியாகக் கட்டியது அங்கே தோற்றால் ஆச்சரியப்படாதீர்கள், பதிவைத் திறந்து படியுங்கள். சில சமயம் சம்பந்தமே இல்லாத சோதனை ஒன்று தோற்றிருக்கும், அப்போது மறுபடி ஓட்டச் சொல்லலாம். பழைய கோப்புகளில் இடைவெளிகளை அழகுபடுத்தாதீர்கள். புதிய கோப்புகளுக்குத்தான் கிளாங்-ஃபார்மேட் (நிரலின் வடிவத்தை ஒழுங்கு செய்யும் கருவி) கட்டாயம். பழையவை விலக்குப் பட்டியலில் இருக்கின்றன, அவற்றை வாரி ஒழுங்கு செய்தால் 'பிளேம்' வரலாறு கலைந்துவிடும்.

பிழைத் திருத்தம் என்றால் கூடவே ஒரு சோதனையும் கேட்பார்கள். சுருக்கிய கோப்பு இங்கே கைகொடுக்கும். அதைத் திறந்து, பக்க எண்ணிக்கை 1 ஆக இருக்க வேண்டும் என்கிற மாதிரி ஓர் உறுதிப்பாடு எழுதுங்கள். உங்கள் திருத்தத்தைத் தற்காலிகமாக எடுத்துவிட்டு அந்தச் சோதனை தோற்கிறதா என்று பாருங்கள். எடுத்தாலும் வெற்றி பெறும் சோதனை வெறும் அலங்காரம்.

ஒரு வாரம் பதில் இல்லையென்றால் அது மறுப்பு அல்ல. அந்தக் கோப்பில் சமீபத்தில் அதிகம் எழுதியவர் இருவரை ரிவ்யூவராகச் சேருங்கள், இல்லையென்றால் ஐஆர்சி அரட்டை அறையில் இணைப்போடு ஒரு வரி கேளுங்கள். 'சார்', 'மேடம்', நீண்ட அறிமுகம் எதுவும் தேவையில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடுவதுதான் அங்கே வழக்கம். வரும் பதிலும் பெரும்பாலும் "இது த்ரெட்-சேஃபா?" (பல வேலைகள் ஒரே நேரத்தில் ஓடினாலும் கெடாதா?) என்று ஒற்றை வரியாக இருக்கும். கோபம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அவர்களுக்குள்ளும் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். சாட்பாட் எழுதித் தந்ததை அனுப்பினால் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்வீர்கள். ஏன் இந்த வரி என்று கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும்.

பேட்ச் சேர்ந்ததும் பக்சில்லாவில் ஒரு தானியங்கிக் குறிப்பு விழும்: எந்தப் பதிப்பில் வரும், ஓரிரு நாளில் தினசரி பில்ட்டில் கிடைக்கும் என்று. அந்தப் பில்ட்டை இறக்கி, தன் கோப்பில் சோதித்து நிலையை 'வெரிஃபைடு' ஆக்கும்படி முதலில் புகார் செய்தவரைக் கேளுங்கள்.

நாள்காட்டியையும் மனதில் வையுங்கள். பெரிய வெளியீடு வருடத்துக்கு இரண்டு, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும். 2024 முதல் எண்ணும் ஆண்டு, மாதத்தை ஒட்டியே வருகிறது: 24.2, 24.8, 25.2 என்று. வெளியீட்டுக்கு ஏறக்குறைய இரண்டு மாதம் முன்பே அந்த வெளியீட்டுக்கான கிளை மாஸ்டரிலிருந்து பிரிந்துவிடும். அதற்குப் பிறகு மாஸ்டரில் சேரும் புதிய வசதி அடுத்த வெளியீட்டுக்குத்தான். பிழைத் திருத்தத்தை மட்டும் கிளைக்குக் கொண்டுபோகலாம், வெளியீடு நெருங்க நெருங்கக் கூடுதல் ஆட்கள் ஒப்புதல் தர வேண்டும். மாணவர்கள் கூகுள் சம்மர் ஆஃப் கோடு என்ற திட்டம் வழியாக வர நினைத்தால், விண்ணப்பத்துக்கு முன்பே ஈசிஹேக் முடித்துக் காட்டியிருக்க வேண்டும். ஆகவே விண்ணப்ப வாரத்தில் முதல்முறையாகப் பில்ட் செய்யத் தொடங்குவது வீண்.

மூன்று மாதம் தொடர்ந்து செய்திருந்தால், இன்னும் ஆறு மாதம் செய்வேன் என்று சொல்லி ஃபவுண்டேஷனில் உறுப்பினராக விண்ணப்பிக்கலாம். நிரல்தான் எழுதியிருக்க வேண்டும் என்று இல்லை, பிழை சோதிப்பும் மொழிபெயர்ப்பும் கணக்கில் வரும். உறுப்பினர்கள்தான் இயக்குநர் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.